சாயம் போகாது என்று சொன்னேன்

சென்னை விமான நிலையத்தில் என் கைப்பையைச் சோதித்த பெண் காவலர் இரண்டு பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் நிறமில்லாத தண்ணீர். "ரெண்டும் தண்ணியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உள்ள கொண்டுபோக முடியாது. குடிச்சிட்டுப் போ, இல்ல கூடையில போடு."

முதல் பாட்டிலில் இருந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அங்கேயே நின்று குடித்துவிட்டேன். இரண்டாவது, எங்கள் நெசவாளர் சங்கத்தின் பொதுச் சாயப்பட்டறையில் எடுத்தது. பட்டுக்குச் சாயம் போட்டு மிஞ்சும் தண்ணீரை நான்கு தொட்டிகளில் நிறுத்தி, சுண்ணாம்பும் கரியும் மணலும் கொண்டு தெளியவைப்போம். அதுதான் என் வேலை. கடைசித் தொட்டியில் அடித்தரை தெரியும். அந்தப் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், கூடையில் போட்டேன்.

பின்னால் நின்ற ஏகாம்பரம் மாமா சிரித்தார். அவர் சங்கச் செயலாளர். முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். "நீ தெளிய வெச்ச தண்ணிய நீயே குடிக்க மாட்டேன்ற. வெள்ளக்காரன் எப்படிமா நம்புவான்?"

நாங்கள் போனது சுவிட்சர்லாந்தில் பாசல் என்ற ஊருக்கு. அங்கே பட்டில் கழுத்துத் துண்டும் சுவரில் தொங்கவிடும் துணியும் செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு எங்கள் நெசவு பிடித்திருந்தது. முன்பெல்லாம் துணி பிடித்தால் போதும். இப்போது சுவிட்சர்லாந்தும் இன்னும் மூன்று நாடுகளும் சேர்ந்த கூட்டோடு நம் நாடு வணிக ஒப்பந்தம் செய்திருக்கிறது. வரியைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் பேசும் அதே ஒப்பந்தத்தில் மண், நீர், காற்றைப் பற்றியும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதனால் வாங்குகிறவர்கள், இந்தத் துணி எந்தத் தண்ணீரில் பிறந்தது, அந்தத் தண்ணீர் பிறகு என்ன ஆனது என்றெல்லாம் கேட்கிறார்கள். பதில் சொல்ல இரண்டு பேர் வரலாம் என்று கடிதம் வந்தது. சங்கம் மாமாவையும் என்னையும் அனுப்பியது.

இந்த ஆர்டர் எங்களுக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பட்டுப்புடவை இல்லை, தறிகள் சும்மா நிற்கும். ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் ஒரகடம் கம்பெனிகளுக்கும் போவார்கள். வெளிநாட்டு ஆர்டருக்கு ஆடி ஏது, மார்கழி ஏது? இது கிடைத்தால் எங்கள் மூன்று தெருத் தறிகளும் வருடம் முழுக்க ஓடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாயக்காரர், கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மா நூல் சுற்றுகிறார், அவருக்குக் கைநாட்டு. நான் ஏனாத்தூர் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வேதியியல் படித்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் தினமும் கொதிக்கிற சாயத்துக்கு இவ்வளவு நீளமான பெயர்கள் உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு பெயரைச் சொல்லிக் காட்டியபோது அப்பா, "அத நாங்க செவப்புன்னு சொல்லுவோம்" என்றார்.

கம்பெனி அனுப்பிய படிவத்தில், எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. ஆங்கிலம் என்று எழுதியிருக்கலாம். தமிழ் என்று எழுதினேன். பாதி பெருமை, பாதி பயம். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்த அன்றே நாங்கள் நாடு கடந்தோம். விடுதிக்குப் போகும் டிராமில் ஏறினோம். பச்சை நிறம், மழமழவென்று ஓடுகிறது, நடத்துநர் இல்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. மாமாவுக்கு அந்த அமைதியே தாலாட்டாகி, தூங்கிவிட்டார். நான் வெளியே ஜன்னல் பூந்தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் போனில் ஒரு செய்தி: ஜெர்மனிக்கு நல்வரவு. எதிர்ப்பக்கம் போகும் டிராமில் ஏறியிருந்தோம். அந்த ஊரில் எட்டாம் எண் டிராம் கடைசியில் எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குள் போய்தான் நிற்குமாம்.

மாமாவை எழுப்பிச் சொன்னேன். வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "விசா வாங்க எத்தினி தபா சென்னைக்கு அலைஞ்சோம். இங்க ரெண்டு ஸ்டாப்பு தாண்டினா வேற நாடாமா?"

எங்கள் பக்கத்தில் முசரவாக்கத்தில் இறங்கவேண்டியவர் தூங்கிப்போனால் வேலூரில் எழுந்திருப்பார், அதுதான் அதிகபட்சம். கையில் காலிக் காய்கறிப் பை வைத்திருந்த ஒரு வயதான அம்மையார் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தோழியிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த மாணவி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர்கள் தக்காளி வாங்க வந்தவர்கள் இல்லை போலிருக்கிறது என்கிறார்." பாசல்காரர்கள் காய்கறி மலிவு என்று ஜெர்மனிக்குப் போய் வாங்குவார்களாம். அதே டிராமில் உட்கார்ந்து திரும்பினோம்.

மறுநாள் காலை, கொண்டுபோயிருந்த காஞ்சிபுரம் இட்லியைப் பிரித்தோம். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த இட்லி இரண்டு நாள் பயணத்தைத் தாங்கும். விடுதிக் கூடத்தில் வைத்திருந்த ரொட்டியை மாமா கத்தியால் தட்டிப் பார்த்தார். "இத அறுக்கறதுக்குப் பதிலா தறி ஆடாம அண்டக் குடுக்கலாம்" என்றார். வெளியே தெருவுக்குத் தெரு நீரூற்று. ஒரு பெண் நடந்து போகிற போக்கில் குனிந்து அதில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போனாள். நானும் குடித்தேன். சில்லென்று, வாசனையே இல்லாமல் இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு சுவை உண்டு. காஞ்சிபுரம் பட்டு மின்னுவது காஞ்சிபுரம் தண்ணீரால்தான் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. வேதியியல் படித்த பிறகும் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் பத்து மணிக்கு. கம்பெனியின் சார்பில் ரூத் என்ற அம்மையார் வந்தார். வாங்கும் பொருள் எல்லாவற்றுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுவது அவர் பொறுப்பு. மொழிபெயர்க்க சுகந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், சின்ன வயதிலேயே அங்கே போனவர். பகலில் ஆஸ்பத்திரி சமையற்கட்டில் வேலை, கூப்பிட்டால் மொழிபெயர்ப்பு. என்னைப் பார்த்ததும், "வாங்கோ பிள்ளை, தமிழில கதைக்கிறன் எண்டு எழுதினது நீங்கள்தானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

துணி மாதிரிகளை விரித்தேன். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, கடைசியாக அரக்கு. உடலில் அரக்கு, கரையில் கடுகு மஞ்சள், இரண்டும் சேருமிடத்தில் இழை இழையாகக் கோத்த கோர்வை. ரூத் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அரக்கை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அப்பா போட்ட நிறம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகு கேள்விகள். நூல் எங்கிருந்து, சரிகை எங்கிருந்து, சாயத்தில் இன்னின்ன பொருள் உண்டா. ஒவ்வொன்றுக்கும் ரசீதும் சோதனைத்தாளும் காட்டினேன். பொதுப்பட்டறையின் படத்தையும் நான்கு தொட்டிகளையும் காட்டினேன். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ரூத் பேனாவை மூடாமல் இன்னொரு கேள்வி கேட்டார். அக்கா சொன்னார்: "உங்கட சாயம் போகுமோ எண்டு கேட்கிறா."

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களிடம் இப்படிக் கேட்கக் கூடாது. கடையில் யாராவது வாடிக்கையாளர் கேட்டால் பரிமாறிய காபியைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எங்க சாயம் போகாது" என்றேன். "எங்கப்பா போட்ட சாயம் போச்சுன்னு ஒருத்தர் வந்து சொன்னதில்ல. அவங்கப்பா காலத்துலயும் போனதில்ல."

அக்கா சொல்ல, ரூத்தின் புருவம் உயர்ந்தது. எப்போதுமே இல்லையா என்று மறுபடி கேட்டார்.

"ஒரு சொட்டு கூட போகாது" என்றேன். மாமா மேசையை மெல்லத் தட்டி, "காஞ்சிபுரம்" என்றார், அதற்குமேல் விளக்கம் எதற்கு என்பதைப்போல.

ரூத் எழுதிக்கொண்டார். எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார்.

அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். ஆடி மாதம் அங்கே வெயில் காலம். எட்டு மணிக்கும் சூரியன் இருந்தது. ரைன் ஆறு ஊருக்கு நடுவில் கனத்து, பச்சையாகப் போகிறது. அதில் தலைகள் மிதந்து வந்தன. ஆபீஸ் விட்டவர்கள் சட்டையையும் செருப்பையும் மீன் உருவத்தில் இருந்த ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மிதந்தே வீட்டுக்குப் போகிறார்கள். மாமாவின் மனைவி ஊர் தென்னேரி. அந்த ஊர் ஏரியில் மாமாவும் நீந்திப் பழகியவர். "பஸ் சார்ஜு மிச்சம் பாரு" என்றார். ஆனால் அவர் கண் தண்ணீரை விட்டு வரவில்லை.

சுகந்தி அக்கா வீட்டில் சாப்பாடு. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். வெள்ளிக்கிழமை ஆனதால் மாமா மீன் குழம்பைத் தொடவில்லை. அக்கா அவருக்கென்று கத்தரிக்காய் பொரித்தார். இருபத்தைந்து வருடமாக அங்கே இருக்கிறாராம், பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் சண்டை போட்டுத் தமிழில் சாப்பாடு கேட்கிறார்கள். வாசலில் எங்களை வழியனுப்பும்போது சொன்னார்: "உங்கட சாயம் போகாது எண்டு நீங்கள் சொன்னது ரூத்துக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. இப்பிடி ஒரு ஊரை நான் பாத்ததில்லை எண்டு சொன்னவ." நான் மனம் குளிர்ந்துபோய்த் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை விடுதி மேசையில் ஓர் உறை. அறிக்கையின் வரைவு, ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும். மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்து. மாமா தேநீரில் ரொட்டியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், நீர் என்ற தலைப்பின் கீழ், இப்படி இருந்தது: சாயம் எதுவும் தயாரிப்பு இடத்தை விட்டு வெளியேறுவதில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. தலைமுறைகளாக இதுவே நிலை என்று உற்பத்தியாளர் உறுதி கூறினார்.

மறுபடி படித்தேன். ரூத் கேட்டது, சாயம் தண்ணீரோடு வெளியே போகுமா என்று. நான் பதில் சொன்னது, புடவையைத் துவைத்தால் சாயம் போகுமா என்ற கேள்விக்கு. போவதற்கு ஒரே சொல்தான். ஆனால் சாயம் போகும் இடங்கள் இரண்டு.

உண்மை இதுதான். மற்ற நிறங்கள் எல்லாம் பொதுப்பட்டறைக்கு வந்துவிட்டன. அரக்கு வரவில்லை. அரக்கை நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, நூலைக் கோலில் மாட்டி மாற்றி மாற்றி முக்கி எடுக்கவேண்டும். பொதுப்பட்டறையில் போட்டால் அரக்கு நிறம் நிற்காது என்பது அப்பாவின் கட்சி. அவரும் எங்கள் தெருவில் இன்னும் ஐந்து பேரும் வீட்டிலேயே போடுகிறார்கள். மிஞ்சும் தண்ணீர் தெருச் சாக்கடையில் விழுந்து வேகவதி ஆற்றுக்குப் போகிறது. சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி நான் நிறையப் பேசியிருக்கிறேன். வீட்டில் ஒரு முறைகூடப் பேசியதில்லை. என்னைப் படிக்கவைத்தது அந்த அரக்குதான்.

மாமாவிடம் படித்துச் சொன்னேன். ரொட்டி தேநீரிலேயே கரைந்தது. அவர் எழுந்து, கொஞ்சம் வெளியே போகலாம் என்றார்.

ஆற்றைக் கடக்க அங்கே ஒரு படகு இருக்கிறது. மோட்டார் கிடையாது, துடுப்பு கிடையாது. குறுக்கே கட்டிய கம்பியில் கோத்துவிட்டிருக்கிறார்கள். படகுக்காரர் சுக்கானை ஒரு பக்கம் திருப்பினால் ஆற்றின் வேகமே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. அதில் உட்கார்ந்துதான் நாங்கள் சண்டை போட்டோம். தமிழ் தெரிந்தவர் யாருமில்லை என்ற தைரியத்தில் மாமா சத்தமாகவே பேசினார்.

"உன்ன யாரும்மா இவ்ளோ படிக்கச் சொன்னாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர்கள் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று, அவர்கள் எழுதியது ஒன்று, இதில் நாம் சொன்ன பொய் எது என்று கேட்டார். கையெழுத்துப் போட்டால் அதுதான் பொய் என்றேன். ஆற்றைச் சாயத்தால் கெடுத்துப் பணக்காரர்கள் ஆனவர்கள் இவர்கள்தான் என்று சொல்லி, எதிரே இருந்த புகைபோக்கிகளைக் காட்டினார். அது உண்மை. முந்தின நாள் ரூத்தே சொல்லியிருந்தார். இது ஒரு காலத்தில் பட்டு ரிப்பன் நெய்த ஊர். ரிப்பனுக்குச் சாயம் காய்ச்சிப் பழகியவர்களின் வழியில்தான் அங்கே ரசாயனத் தொழிலே வளர்ந்தது.

"அவங்க தாத்தன் ஆத்துல ஊத்தினான். பேரன் ஒப்பந்தம் போட்டுக்கினு நம்மள கேள்வி கேக்கறான்" என்றார் மாமா. "சரி, நீ போய் மாத்தி எழுதச் சொல்லு. ஆர்டர் போவும். மார்கழியில தறி நிக்கறப்ப உங்க தெருவுல வீடு வீடா நீயே போய் சொல்லு. மொதல்ல உங்க வீட்டுக்குப் போ."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. படகு நடு ஆற்றில் இருந்தது. மீன் பையைக் கட்டிக்கொண்டு நான்கைந்து பேர் எங்களைத் தாண்டி மிதந்தார்கள். ஒரு பெண் நீரிலிருந்து கையை ஆட்டினாள். மாமா தன்னையறியாமல் கையை ஆட்டிவிட்டார். பிறகு குனிந்து ஆற்றில் கையை விட்டு அளைந்தார். அக்கரை வரும்வரை கையை எடுக்கவில்லை.

இறங்கும்போது சொன்னார்: "உங்கப்பன்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

இரண்டு மணிக்கு ரூத்தின் அறையில் முதலில் சுகந்தி அக்காவிடம் விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. "என்ர பிழையோ பிள்ளை?" என்றார்.

"இல்லக்கா. நீங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ரெண்டு பேர் தமிழும் சரிதான்."

பிறகு ரூத்திடம் தமிழிலேயே சொன்னேன். அரக்கு எப்படிப் போடப்படுகிறது, யார் போடுகிறார்கள், அதில் ஒருவர் என் அப்பா, தண்ணீர் எங்கே போகிறது, எல்லாம். அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னை நிறுத்தி, சரிதானே என்று கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்தார். ரூத் மூன்றாம் பக்கத்தில் அந்த மூன்று வரிகளின்மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். நேர்க்கோடு.

அந்தத் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடும் என்று கேட்டார். எந்த நாள் என்று கேளுங்கள் என்றேன். பட்டறை வருவதற்கு முன்பு எங்கள் தெருப் பெண்கள் சாக்கடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், மேல்கோடி வீட்டுக்குக் கூறைப்புடவை ஆர்டர் வந்திருக்கிறது, நடு வீட்டில் மாம்பழ மஞ்சள் என்று. இப்போது அரக்கு மட்டும் ஓடுகிறது. ரூத் பேனாவைக் கீழே வைத்தார். இந்த ஊரிலும் சாயக்காரர் தெருவில் வாய்க்கால் ஓடியது, இன்றைக்கு என்ன நிற ரிப்பன் என்று பிள்ளைகள் வாய்க்காலைப் பார்த்துச் சொல்வார்கள் என்று தன் வீட்டுப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

நான் கேட்டேன்: "இந்த ஆத்துல ஜனங்க நீந்தற அளவுக்கு வர எவ்வளவு காலம் ஆச்சு?"

ரொம்பக் காலம் என்றார். சண்டை, சட்டம், வழக்கு எல்லாம் ஆனது என்றார்.

"எங்களுக்கு எவ்வளவு காலம் குடுப்பீங்க?"

அக்கா இதை மொழிபெயர்த்ததும் ரூத் மறுபடி பேனாவை எடுத்தார். நான் தொடர்ந்தேன். கழிவுநீர் விடுகிறவர்களை வெளியே தள்ளு என்று எழுதினால் உங்கள் அறிக்கை ஒரே நாளில் சுத்தமாகிவிடும். அந்த ஆறு பேர் வேறு யாருக்காவது, இதைவிட மோசமான இடத்தில், அதே அரக்கைப் போடுவார்கள். அவர்களைப் பட்டறைக்குள் கொண்டுவரவேண்டும் என்று எழுதுங்கள். தள்ளக் கூடாது என்றும் எழுதுங்கள்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தன் பங்குக்கு, "தறிக்காரன் நான் சொல்றேன், எங்க பொண்ணு சொல்றதுதான் சங்கம் சொல்றது" என்றார்.

ரூத் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். மற்ற நிறங்களுக்கு ஆர்டர் உண்டு. எந்த நிறத்தின் சாயம் தண்ணீரோடு வெளியே போகிறது என்று கேட்கும் படிவத்தில் அரக்கு வரிசை மட்டும் காலியாக இருக்கும். அடுத்த ஆடிக்குள் நாங்கள் நிரப்பி அனுப்பவேண்டும், அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அதுவரை அரக்கு கிடையாது. கீழே ஒரு புது வரி: சிறு சாயக்காரர்கள் நீக்கப்படாமல் பொதுப்பட்டறையில் சேர்க்கப்படவேண்டும். வணிகத் தாள்கள் எல்லாம் எங்கோ யாரோ எழுதி எங்களிடம் கையெழுத்துக்கு வருபவை. அந்த ஒரு வரி பிள்ளையார்பாளையத்திலிருந்து போனது. நான் கையெழுத்துப் போட்டேன், மாமாவும் போட்டார். சுகந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசிக்கேல்லையோ என்று கேட்டார்.

ஊர் திரும்பிய அன்று அப்பா பின்கட்டில் இருந்தார். முழங்கை வரை சிவப்பு. அம்மா நான் கொண்டுவந்த சாக்லேட்டைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

"என்னா கேட்டாங்க?" என்றார் அப்பா.

"சாயம் போகுமான்னு கேட்டாங்கப்பா."

அவர் சிரித்தார். "நீ என்னா சொன்ன?"

"போவுதுன்னு சொன்னேன்."

எங்கள் வீட்டில் யாரும் அதுவரை உச்சரிக்காத பதில் அது. கோலில் இருந்த நூல் சொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அவருடைய நிறம் மட்டும் ஆர்டரில் இல்லை என்பதையும். அவர் அடுத்த நூலைக் கோலில் மாட்டினார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. "உன் பொண்ணு சாப்ட்டாளா" என்று அம்மாவிடம் மட்டும் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்தார். முதல் தொட்டியிலிருந்து நான்காம் தொட்டி வரை மெதுவாக நடந்தார். கடைசித் தொட்டியில் விரலை முக்கி எடுத்துப் பார்த்தார். அந்த விரலில் ஏற்கெனவே ஏறியிருந்த சிவப்புதான் இருந்தது. "இந்தத் தண்ணிய நீயா இப்டி ஆக்கின?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் அவருடைய செம்புப் பாத்திரம் தள்ளுவண்டியில் பட்டறைக்கு வந்தது. முதல் முறை போட்ட அரக்கு, காய்ந்த மிளகாய் நிறத்துக்குப் போய்விட்டது. தெருவே வந்து பார்த்து உச்சுக்கொட்டியது. "தண்ணி மாறிப்போச்சு" என்றார் அப்பா. அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை டிரம்மில் ஏற்றிக் கொண்டுவந்தார். மூன்றாவது முறை அரக்கு நின்றது. அதைப் பார்த்து நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். கடைசி ஆள் தை மாதம்தான் வந்தார். ஒருவர் வரவே இல்லை. சாயம் போடுவதையே விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நான் எழுதவைத்த வரியில் அவரும் அடக்கம். அவர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அது எனக்கு உறுத்துகிறது.

தெளிந்த தண்ணீரை நூல் அலசுவதற்கே திருப்பி எடுத்துக்கொள்கிறோம். தொட்டியின் அடியில் சேரும் சேறு மூட்டை மூட்டையாகச் சங்கத்துக் கொட்டகையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பங்குனி முகூர்த்தத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அமுதா அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "என்னாமா பண்ணி வெச்சிருக்கீங்க, யார் வீட்டுக்கு என்னா ஆர்டர் வந்திருக்குதுன்னே தெரியமாட்டேங்குது." எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருச் சாக்கடை வெறும் சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பாசல் படிவத்தை எடுத்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேற்று மூட்டைகளைப் பற்றி ஒரு வரி எழுதினேன். வராமல் போனவரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். பிறகு காலியாக இருந்த அரக்கு வரிசைக்கு வந்தேன். என்ன எழுதப்போகிறாய் என்று அப்பா கேட்டார். தமிழில்தான் எழுதினேன், சுகந்தி அக்கா பார்த்துக்கொள்வார். எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

சாயம் போகாது.